போதையில்லா வார்டில் ஜித்தினை உருட்டிய வரலாறு

இதில் நான் சொல்லப்போவது ஒவ்வொன்றும் சத்தியம். சத்தியம் செய்வதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம். கடந்த ஜூன் முதல் இந்த வலது கையை முன்னால் நீட்டி, போதைக்கு எதிராகப் பதினேழு பிரதிக்ஞை எடுத்திருக்கிறேன். பள்ளிக்கூட முற்றத்தில், நூலகத்தில், ரேஷன் கடை வாசலில், மற்றபடி மைக் வைத்த எல்லா இடத்திலும். கை அப்படிப் பழகிப்போய், போன வாரம் பாறசாலையில் பஸ்ஸை நிறுத்த நீட்டியபோது, வாயிலிருந்து 'நான் உறுதி கூறுகிறேன்' என்று வந்துவிட்டது. பஸ் நிற்கவில்லை. அந்த எண்பத்தொரு வயதுக் கையை நீட்டித்தான் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யானால் என் பல்செட் நெய்யாற்றில் போகட்டும்.

எங்கள் வார்டுக்குப் பிலாவறத்தலை என்று பெயர். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தில் கிடக்கிறது. எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்பது எங்கள் கோழிகளுக்கு இன்றுவரை தெரியாது.

வார்டு தோறும் போதை ஒழிப்பு ஜாக்கிரதா சமிதி என்ற கண்காணிப்புக் குழு வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. அமைத்தோம். வார்டு மெம்பர் ஸ்ரீகுமாரி தலைவி. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் செல்லசாமி கன்வீனர். ரக்ஷாதிகாரி, அதாவது புரவலர் என்று ஒரு பதவி மிஞ்சியது. கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, தூங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதை எனக்குத் தந்தார்கள். ஆகவே இதில் பெரும்பாலானது கண்ணால் கண்டது. சில இடங்களில் ஒரு கண்ணால்.

சமிதி ஜூனில் பிறந்தது, அக்டோபர் இரண்டாம் தேதிக்குள் போதையை ஒழித்துவிட்டது. எப்படி என்று கேட்கக்கூடாது. வைக்கோலில் ஒரு போதை அரக்கன் செய்து, மீசை வைத்து, கொளுத்துவதற்காகப் பள்ளி மைதானத்தில் நிறுத்தியிருந்தோம். அப்போதுதான் ஒரு சங்கடம். கூடியிருந்த நாற்பது பேரில் ஒருவரிடமும் தீப்பெட்டி இல்லை. அத்தனை பேரும் பீடி சிகரெட் அறியாத உத்தமர்கள். அரக்கன் கால் மணி நேரம் காத்து நின்றான். கடைசியில் செல்லசாமி சார் புறம் திரும்பி நின்று, பனியனுக்குள்ளிருந்து ஒரு லைட்டரை எடுத்தார். வீட்டில் குத்துவிளக்கு ஏற்றுவதற்காக வைத்திருப்பதாம். அரக்கன் எரிந்தான். வார்டு போதையில்லா வார்டு ஆயிற்று.

மறுநாள் முக்கில் பலகை வைத்தோம். எட்டடிக்கு ஆறடி. 'போதையில்லா வார்டு. வருக, வருக.' மலையாளத்திலும் தமிழிலும். பலகைக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். முன்பு பையன்கள் போதைப்பொடிப் பொட்டலம் வாங்க ரோட்டிலேயே நிற்கவேண்டும். போகிறவர் வருகிறவர் கண்ணில் பட்டு வெட்கப்படவேண்டும். பலகை வந்தபின் அந்தக் குறை தீர்ந்தது. நல்ல நிழல், நல்ல மறைவு. உட்கார யாரோ இரண்டு செங்கல்லும் போட்டார்கள்.

இனி புஷ்பபாயைச் சொல்லவேண்டும். தையல்காரி. கணவன் ராஜையா குவைத்தில். வெள்ளிக்கிழமை தோறும் அவன் வீடியோ காலில் வந்து மகன் ஜித்தினைக் கேட்பான், "குளிக்கான்" என்பாள். ஜித்தின் எட்டு மாதமாகக் குளித்துக்கொண்டிருந்தான்.

ஜித்தினுக்கு வயது இருபத்திரண்டு. ஏசி மெக்கானிக் படிப்பு முடித்தவன். பொடி இழுக்கப் பழகி, முதலில் தன் போனை விற்றான், பிறகு டூல் பெட்டியை, பிறகு அம்மாவின் தையல் மிஷின் மோட்டாரை. அந்த நேரம் பார்த்துத்தான் சமிதி அவளிடம் வேலை கொடுத்தது. நவம்பர் பதினான்காம் தேதி போதைக்கு எதிரான மனிதச் சங்கிலி. அதற்கு அறுநூறு கொடி, நாற்பதடி நீளத்தில் ஒரு பேனர். மோட்டார் இல்லாததால் எல்லாவற்றையும் அவள் காலால் மிதித்துத் தைத்தாள்.

நவம்பர் ஐந்தாம் தேதி காலை, ஒரு கொடியின் பாதியில், ஜித்தின் அவளருகில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"என்னக் கொண்டு இனி ஒக்காதும்மா, முடியல. இப்பிடியே கிடந்தா செத்துப்போவேன். எங்கயெங்கிலும் ஆஸ்பத்திரியில கொண்டாக்கு."

எட்டு மாதமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. ஆனால் அது பால் மாதிரி. மத்தியானத்துக்குள் திரிந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். அப்போதே அவனைக் கூட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். வாசல் படலை தாண்டும்போது, வார்டில் விவரமுள்ள ஒரு மனிதர் எதிரே வந்து விஷயத்தைக் கேட்டு, அவளைத் தடுத்தார். மெம்பர் லெட்டர் இல்லாமல் போனால் ஆஸ்பத்திரிப் படியில்கூட ஏற்றமாட்டார்கள் என்றார். அவள் மகனை வீட்டுக்குள் இருத்திவிட்டு மெம்பர் வீட்டுக்கு ஓடினாள்.

"மெம்பரே, ஒரு லெட்டர் வேணும். எனக்க மவன் பொடிக்கு அடிமையாக்கும்ணு எழுதணும்."

ஸ்ரீகுமாரி வாசலில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"சேச்சி, சத்தம் போடாம பதுக்கச் சொல்லுங்க. நம்ம வார்டுல அப்பிடி ஆளு இல்ல."

"எனக்க வீட்டுல உண்டு."

"வீட்டுல இருக்கலாம் சேச்சி. வார்டுல இல்ல. பதினாலாம் தேதி ஜில்லா அதிகாரி வாறார். நல்ல வார்டுக்குள்ள அவார்டு நமக்காக்கும்ணு சொல்லியிருக்கு. நான் இப்பம் ஒரு ஆளு உண்டுண்ணு கையெழுத்து போட்டா எல்லாம் போச்சு. அவார்டு ஜனவரி ஒண்ணுக்காக்கும், அது கழியட்டு. பெறகு பத்து லெட்டர் வேணுமெங்கி பத்தும் தாறேன்."

"ஜனவரி வரைக்கும் அவன் இருக்கணுமே மெம்பரே."

"பொறுமையா இருக்கச் சொல்லுங்க" என்றாள் ஸ்ரீகுமாரி. "நீங்க சர்ச்சில ஒரு ஜெபத்துக்குச் சொல்லி வையுங்க. ஆனா பேரு சொல்லாண்டாம். வார்டையும் சொல்லாண்டாம்."

அன்று பிற்பகலே சமிதி அவசரமாகக் கூடியது. முதலில் பிரதிக்ஞை. பிறகு டீயும் பழம்பொரியும். பிறகு செல்லசாமி சார் எழுந்தார். முப்பத்து மூன்று வருடம் கணக்கு பாடம் நடத்தியவர்.

"புஷ்பபாய், உணர்ச்சிவசப்படாதே, யோசிச்சுப் பாரு. அக்டோபர் ரெண்டுக்கு முன்ன உனக்க மவன் அடிமையா இருந்தானா? எங்கி, அண்ணைக்கு எல்லாத்தையும் சேத்து ஒழிச்சாச்சு. அவனும் அந்தக் கணக்குல பெடும். ரெண்டுக்குப் பெறகு அடிமையானானா? அது நடக்காத காரியம். போதையே இல்லாத வார்டுல அவன் எங்கயிருந்து வாங்குவான்?"

"பலகைக்குப் பின்னால இருந்து" என்றாள் புஷ்பபாய்.

சார் ஒரு பழம்பொரியை மென்று முடிக்கும்வரை யோசித்தார்.

"அது தனியார் தோட்டமாக்கும். சமிதிக்கு அதிகாரம் பலகை வரைக்கும்தான்."

இருந்தாலும் ஒரு தாயின் கண்ணீரை அலட்சியப்படுத்தக்கூடாது என்று, நேரில் பார்க்க உபசமிதி ஒன்று போட்டார்கள். மறுநாள் காலை நாங்கள் ஐந்து பேர் அவள் வீட்டுக்குப் போனோம்.

அந்த வீட்டை ராஜையாவின் தாத்தா கட்டும்போது எல்லை என்று ஒன்று கிடையாது. ஐம்பத்தாறில் மாநிலம் பிரித்தபோது கோடு அடுக்களை வழியாகப் போயிற்று. எல்லைக்கல் இன்றும் அடுக்களை வாசல் நடையில் நிற்கிறது. அதன்மேல்தான் புஷ்பபாயின் உப்புச்சாடி இருக்கும். முன்னறை கேரளம், அடுக்களை தமிழ்நாடு. சோறு தமிழ்நாட்டில் வெந்து கேரளத்தில் ஆறும்.

ஜித்தின் காற்றுக்காக அந்த நடைமேல் பாய் விரித்துப் படுத்திருந்தான். கை கால் நடுக்கம், மூக்கில் நீர். செல்லசாமி சார் உப்புச்சாடியைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"டேப்ப எடுங்க."

அளந்தோம். இடுப்புக்குக் கீழே தமிழ்நாடு, மேலே கேரளம்.

"மூக்கு எந்தப் பக்கம் சாரே?" என்றாள் ஸ்ரீகுமாரி. "மூக்குலயாக்கும் இழுக்குது."

"மூக்கு நம்ம பக்கம்."

"அய்யோ!"

சார் குனிந்து மிக அன்பாகச் சொன்னார்: "மக்கா, ஒரு மூணடி அங்கோட்டு உருளு."

ஜித்தின் உருண்டான். அவன் மூக்கு மாநிலம் கடந்தது. ஸ்ரீகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி லெட்டர் தரவேண்டியது அந்தப் பக்கத்துப் பனங்காலை வார்டு மெம்பர் வேலாயுதன். ஆள் விட்டோம். வேலாயுதன் பைக்கில் வந்து இறங்கினார். கையில் சொந்த டேப். கேரளத்து அங்குலத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

"செல்லசாமி சாரே, உங்க சரக்க எங்க தலையில கட்டாண்டாம். நாங்க ஆகஸ்ட் பதினஞ்சுக்கே போதய ஒழிச்சாச்சு. உங்களவிட ஒண்ணரை மாசம் சீனியராக்கும்." பிறகு பாயருகே குந்தினார். "எலே மக்கா, நல்ல பிள்ளையில்லியா. இங்கோட்டு உருளு பாப்போம்."

உருண்டான். சார் திரும்ப உருட்டினார். இவர் மறுபடி உருட்டினார். அதில் உப்புச்சாடி விழுந்து உடைந்தது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பையனைச் சரியாகக் கோட்டின்மேல் கிடத்தி, இரண்டு பக்கமும் ஆளுக்கொருவரைக் காவல் நிறுத்திவிட்டுப் போனோம். சாயங்காலத்துக்குள் பதினோரு தடவை ஆயிற்று. ஒரு தடவை நானும் காலைப் பிடித்து உதவினேன்.

பன்னிரண்டாவது தடவைக்குச் சார் குனிந்தபோது ஜித்தின் அவர் கையைப் பிடித்தான்.

"நான் நடப்பேன் சாரே. எங்கோட்டு நடக்கணும்ணு ஆரெங்கிலும் ஒராளு சொன்னா மட்டும் மதி."

நடவடிக்கைக் குறிப்பில் அது இல்லை. 'பையன் நல்ல ஒத்துழைப்பு தந்தான்' என்று மட்டும் இருக்கிறது.

ஆனால் கையைப் பிடித்ததில் சாருக்கு வேறொன்று தட்டுப்பட்டது. பதினான்காம் தேதிக்கு அவரே எழுதிய தெருநாடகம் ஒன்று இருந்தது. அதில் போதை அடிமையாக நடித்தவன் இறைச்சிக்கடை ஷிஜு. பொடி இழுத்து மெலிந்தவன் என்று சொன்னால் அவன் வயிறே எதிர்சாட்சி சொல்லும்.

"மெம்பரே, இந்தக் கை நடுங்குறதப் பாருங்க! இந்தக் கண்ணப் பாருங்க! இத ஆராலயும் படிப்பிக்க ஒக்காது." அவர் புஷ்பபாய் பக்கம் திரும்பினார். "பதினாலாம் தேதி இவன் நடிக்கட்டு. பதினஞ்சாம் தேதி நான் லெட்டர் தாறேன். அடிமைண்ணு எழுதாண்டாம். 'அடிமையாக நடித்ததால் ஏற்பட்ட சோர்வு'ண்ணு எழுதலாம். வார்டுக்கும் குறவில்ல, உனக்கும் குறவில்ல."

புஷ்பபாய்க்கு இதில் பாதிதான் புரிந்தது. லெட்டர் என்ற சொல் புரிந்தது. சரி என்றாள்.

எட்டு நாள் அவள் மிஷினை வாசலுக்குக் குறுக்கே போட்டு, அதில் உட்கார்ந்து தைத்தாள். மகன் வெளியே போக வேண்டுமானால் அவளைத் தாண்டவேண்டும். இரண்டு தடவை தாண்டிவிட்டான். இரண்டு தடவையும் பலகைக்குப் பின்னாலிருந்து அவளே போய்க் கூட்டிவந்தாள். அதில் வேலை பிந்தியது. பேனரின் இரண்டு பாதியையும் மிஷினில் இணைக்க நேரமில்லாமல், கையால் நீள நீளமாக ஓட்டுத்தையல் போட்டு நிறுத்தினாள்.

பதினான்காம் தேதி பிற்பகல் மைதானம் நிறைந்திருந்தது. ஜில்லா அதிகாரி முன்வரிசையில், எனக்கு அடுத்த நாற்காலியில். நாடகம் தொடங்கியது. ஜித்தினுக்குக் கொடுத்த வசனம், 'ஐயகோ, போதையால் அழிந்தேனே, இளைஞர்காள், விழித்தெழுவீர்!' அவன் மேடை நடுவில் வந்து நின்றான். வாயைத் திறந்தான். மறந்துவிட்டான். சார் பின்னாலிருந்து 'ஐயகோ, ஐயகோ' என்று எடுத்துக் கொடுத்தார். ஜித்தின் கூட்டத்தைப் பார்த்தான்.

"எனக்குப் பேரு ஜித்தின். இது நடிப்பில்ல. முந்தாநாளும் இழுத்தேன். அந்தப் பலகைக்குப் பின்னால கிட்டும், எல்லாருக்கும் தெரியும். எனக்கு நிறுத்தணும். என்ன ஆரெங்கிலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

மைதானம் முழுக்க எழுந்து நின்றது. பிறகு கைத்தட்டல். ரப்பர் தோட்டத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. சிலர் விசிலடித்தார்கள். தோட்டத்தில் பொடி விற்கிறவனும் பின்வரிசையில் நின்று தட்டினான். ஜித்தின் "நெசமாட்டுதான் சொல்லுதேன்" என்றான். கைத்தட்டல் இரட்டியாயிற்று.

ஜில்லா அதிகாரி கைக்குட்டையோடு மைக் முன்னால் போனார்.

"நான் எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன். 'பலகைக்குப் பின்னால்' என்றாரே, அந்த ஒரு வசனம் போதும்! எவ்வளவு ஆழமான குறியீடு! நாம் வைக்கும் பலகைகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நம்மையே கேட்கிறது. என் இருபத்தாறு வருட சேவையில் நான் ஒரு பலகைக்குப் பின்னாலும் போய்ப் பார்த்ததில்லை. திறந்து வைப்பது எப்போதும் முன்பக்கமாகத்தானே! இந்தத் தம்பி ஒரு பீடியைக்கூடத் தொட்டிருக்கமாட்டார் என்று நான் உறுதியாகச் சொல்வேன். தொட்டவரால் இவ்வளவு உண்மையாக நடிக்க முடியாது. கடந்த ஓராண்டில் என் அலுவலகம் நானூறு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியிருக்கிறது. அதில் எத்தனை பேர் மீண்டார்கள் என்று சில குதர்க்கவாதிகள் கேட்கிறார்கள். மீட்பது வேறு பிரிவின் வேலை. அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று நானும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

சிறந்த நடிகருக்கான வெள்ளிநிறக் கோப்பையை ஜித்தினின் நடுங்கும் கையில் கொடுத்து, நடுக்கம் படத்தில் விழாதபடி தாமும் பிடித்துக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் புஷ்பபாய் செல்லசாமி சாரைப் பிடித்தாள். "சாரே, லெட்டர்."

"லெட்டரா? புஷ்பபாய், நீ இப்பம் ஆருக்க அம்மைண்ணு தெரியுமா? மார்ச் மாசம் வரைக்கும் நாப்பத்தொரு மேடைக்கு விளிச்சாச்சு! அதுக்கு எடையில ஆஸ்பத்திரி மருந்துண்ணு கொண்டுபோயி பையனக் கெடுத்துப்போடாத. குணமாயிட்டா பின்ன இந்த நடிப்பு வருமா?"

புஷ்பபாய் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். லெட்டர் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடப்பது என்று அவள் அப்போது தீர்மானித்திருந்தாள்.

ரோட்டில் மனிதச் சங்கிலி நின்றது. அறுநூறு பேர், கையோடு கை. எதிர்ப்புறம் நெய்யாற்றின்கரை பஸ் இஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. சங்கிலியின் நடுவில் பேனர், அதன் ஒரு முனையில் ஸ்ரீகுமாரி, மறு முனையில் நான். மேலே ட்ரோன் பறந்து வந்தது.

"கொஞ்சம் வழிவிடுங்க மெம்பரே. பஸ் போயிரும்."

"சேச்சி, இப்பம் சங்கிலிய முறிக்காண்டாம்! ட்ரோன் வருது! நீங்களும் பையனும் இதுல கைகோத்து நில்லுங்க. நாலரைக்கு விட்டிரும்."

பஸ் ஹாரன் அடித்தது. ஜித்தினின் கண் மெல்லத் திரும்பி, முக்கில் நின்ற பலகைக்குப் போனதை நான் பார்த்தேன். அவன் விரல்கள் அம்மாவின் கையில் தளர்ந்தன. அவளுக்கும் அது தெரிந்தது. கையைப் பிடித்திருந்தவள் அவளல்லவா.

அவள் மறு கையைப் பேனரின் நடுவில் கொடுத்து, ஓட்டுத்தையல் நூலின் முனையைத் தேடிப்பிடித்து, ஒரே இழுப்பு இழுத்தாள்.

'போதை ஒழிப்போம்' ஒரு பக்கமும், 'ஒன்றாய் நிற்போம்' மறு பக்கமும் பிரிந்து காற்றில் பறந்தன. அதைப் பிடிக்க இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர் கையை விட்டு ஓடினார்கள். நானும் விட்டேன். நடுவில் ஒரு லாரி போகிற அகலத்தில் வழி திறந்தது. அம்மாவும் மகனும் அதில் நடந்துபோய் பஸ்ஸில் ஏறினார்கள்.

இனி வருவது புஷ்பபாய் பின்னால் என்னிடம் சொன்னது. கண்டக்டர் கோப்பையைப் பார்த்து, "கப்பு கிட்டியோ? எதுக்காக்கும்?" என்று கேட்டானாம். "நெசம் சொன்னதுக்கு" என்றானாம் ஜித்தின்.

ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி ஜன்னலில் ஒரு பெண் இருந்தாள்.

"பேரு?"

"ஜித்தின்."

"வயசு? என்ன அசுகம்?"

"இருபத்திரண்டு. பொடி இழுக்கும். நிறுத்தணும்."

அந்தப் பெண் சீட்டு எழுதிக் கிழித்து நீட்டினாள். புஷ்பபாய் வாங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மோளே, எங்கிட்ட லெட்டர் இல்ல."

"என்ன லெட்டர்?"

"மெம்பருக்க லெட்டர்."

"அது எதுக்கம்மா? ஆளு வந்தா மதி. நேர போயி வலதுபக்கம், ஏழாம் நம்பர் அறை." அந்தப் பெண் வியப்போடு பார்த்தாள். "லெட்டர் வேணும்ணு உங்கிட்ட ஆரு சொன்னது?"

ஜித்தின் இருபத்தொரு நாள் உள்ளே இருந்தான். ஜனவரியில் ஒரு தடவை வழுக்கினான். அப்போது யாரும் உருட்டாமல், தானே அதே பஸ் ஏறிப் போனான். இப்போது நெய்யாற்றின்கரையில் ஏசி ரிப்பேர் செய்கிறான். அம்மாவின் மிஷினில் புது மோட்டார் ஓடுகிறது. எல்லைக்கல் மேல், உடைந்த சாடிக்குப் பதிலாக அந்தக் கோப்பையில் உப்பு இருக்கிறது. நல்ல வார்டுக்கான அவார்டு எங்களுக்கே கிடைத்தது. பலகையும் நிற்கிறது, செங்கல்லும் கிடக்கிறது.

ஜன்னலில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் புஷ்பபாய் பதில் சொல்லவில்லையாம். கையை நீட்டாமலே நான் சொல்லிவிடுகிறேன்: மெம்பர் லெட்டர் இல்லாமல் ஆஸ்பத்திரிப் படி ஏற முடியாது என்று அன்று படலையில் அவளைத் தடுத்து நிறுத்திய விவரமுள்ள மனிதர் நான்தான்.